எந்த ஆண்டிலிருந்து வழக்கம்?
ஜெருசலேமின் மேற்குச் சுவரும் பெண்களின் குரலும்

ஜெருசலேமின் பழைய நகரத்தில் உள்ள மேற்குச் சுவருக்குத் திங்கள் அல்லது வியாழக்கிழமை காலையில் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் திரும்ப முடியாது. பதின்மூன்று வயது நிறைந்த சிறுவர்கள் முதன்முறையாகத் தோரா வாசிக்க வரும் நாள்கள் அவை. ஆண்கள் பகுதியில் அப்பா, தாத்தா, மாமன்மார் சூழ்ந்திருக்க, சிறுவன் தோல்சுருளின் முன்னால் நிற்பான். அவனைப் பெற்றவர் தடுப்புக்கு இந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டியும் அத்தைமாரும் பக்கத்து நாற்காலிகளில் நிற்பார்கள். வாசிப்பு முடிந்ததும் தடுப்புக்கு மேலாக மிட்டாய்களை வீசுவார்கள். மொரோக்கோவிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்த குடும்பத்துப் பெண்கள் குலவையிடுவார்கள்.

சுற்றுலா வழிகாட்டிகள் இதை மகிழ்ச்சியான காட்சியாகவே காட்டுகிறார்கள். மகிழ்ச்சியானதுதான். ஆனால் மகனின் வாழ்வில் முக்கியமான நாளில் தாய் ஏன் நாற்காலிமீது ஏறி நிற்க வேண்டியிருக்கிறது என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: இந்த இடத்தின் வழக்கம் அது. வெறும் பேச்சுவழக்கில் சொல்லப்படும் பதில் அல்ல. ‘இடத்தின் வழக்கம்’ என்ற தொடர் இஸ்ரேலியச் சட்ட விதியிலேயே இருக்கிறது. அதன் பெயரில் பெண்கள் கைதுசெய்யப்பட்டிருக்கிறார்கள். அந்த வழக்கத்துக்கு வயது என்ன, அதை யார் உண்டாக்கினார்கள், அதை வழக்கம் என்று அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் சுவர். இது ஒரு கோயிலின் சுவர் அல்ல. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஏரோது மன்னன் ஜெருசலேம் ஆலயத்தை விரிவுபடுத்தியபோது, ஆலயம் நின்ற குன்றின் மேற்பரப்பை அகலமாக்கி, மண் சரியாமலிருக்க நான்கு பக்கமும் பெருங்கற்களால் தாங்குசுவர் எழுப்பினான். கி.பி. 70இல் டைட்டஸின் ரோமானியப் படை ஆலயத்தை அழித்தது. தாங்குசுவர்கள் எஞ்சின. மேற்குப் பக்கத் தாங்குசுவரின் மொத்த நீளம் ஏறத்தாழ 488 மீட்டர். இன்று வழிபாட்டுச் சதுக்கத்தின் முன்னால் தெரிவது அதில் அறுபது மீட்டர் அளவுக்கு மட்டுமே. அழிந்த ஆலயத்துக்கு மிக நெருக்கமாக நின்று அழுவதற்கு யூதர்களுக்குக் கிடைத்த இடம் என்பதால் புனிதமானது. ‘அழுகைச் சுவர்’ என்று பிறர் வைத்த பெயருக்கும் அதுவே காரணம்.

இங்கே வழிபாடு என்பது பல சிறு செயல்களின் தொகுப்பு. இரு கைப்பிடி கொண்ட குவளையால் கை கழுவுகிறார்கள். கல்லில் நெற்றியைச் சாய்த்து, உதடு மட்டும் அசைய முணுமுணுக்கிறார்கள். வேண்டுதலைச் சீட்டில் எழுதி மடித்துக் கற்களின் இடுக்கில் செருகுகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை, பாஸ்கா பண்டிகைக்கும் யூதப் புத்தாண்டுக்கும் முன்பாக, அந்தச் சீட்டுகளை எடுத்து ஒலிவ மலையில் புதைத்துவிடுகிறார்கள். திரும்பும்போது பலர் சுவருக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடக்கிறார்கள். ஆலயம் அழிந்ததை நினைவுகூரும் ஆவ் மாத ஒன்பதாம் நாளன்று தரையில் அமர்ந்து புலம்பல் ஆகமத்தை ஓதுகிறார்கள். இவற்றுள் பெரும்பாலானவை தனிமனிதர் செய்பவை. பெண்கள் பகுதியில் அவற்றுக்குத் தடை எதுவும் கிடையாது. அழலாம், சீட்டு செருகலாம், முணுமுணுக்கலாம். கூட்டாக, உரக்க, புனிதச் சுருளை ஏந்தி வழிபடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெண்ணின் துயரத்துக்கு அங்கே இடம் உண்டு, அவளுடைய சபைக்கு இல்லை என்று இதைச் சுருக்கலாம்.

சுவரை நோக்கி நின்றால் இடப்புறம் ஆண்கள் பகுதி, வலப்புறம் பெண்கள் பகுதி. பெண்களுக்கு ஒதுக்கியது ஆண்கள் பகுதியில் பாதிகூட இல்லை. ஆண்கள் பகுதியோடு சேர்ந்து, வில்சன் வளைவின்கீழ் கூரையுள்ள பெரிய மண்டபம் ஒன்றும் இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி ஓதலாம். அங்கே பேழைகளில் தோராச் சுருள்கள் நிறைய உள்ளன, எந்த ஆண் குழுவும் எடுத்து வாசிக்கலாம். பெண்கள் பகுதியில் சுருள் கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. இந்த ஏற்பாடு முழுவதும் காலங்காலமாக இருந்துவருவது என்ற எண்ணம் வருகையாளருக்கு எளிதில் உண்டாகிறது. கல் பழையது என்பதால் அதன் முன்னால் உள்ள எல்லாமே பழையது என்று தோன்றிவிடுகிறது.

ஆனால் புகைப்படங்கள் வேறு கதை சொல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடுக்கப்பட்ட படங்களில், ஜெருசலேமின் அமெரிக்கக் காலனி புகைப்படக்காரர்கள் எடுத்தவை உட்பட, சுவரின் முன்னால் ஒரு குறுகிய சந்துதான் தெரிகிறது. அதில் ஆண்களும் வெள்ளை முக்காடிட்ட பெண்களும் ஒரே வரிசையில் சுவரைத் தொட்டு நிற்கிறார்கள். சில படங்களில் பெண்கள் ஓரமாகத் தனிக்குழுவாக நிற்பதும் உண்டு. நிலையான தடுப்பு எதிலும் இல்லை. இதற்குக் காரணம் அன்றைய யூதர்களின் பாலினச் சமத்துவ உணர்வு என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சந்து முஸ்லிம் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. வழிபட வருபவர்கள் நாற்காலி, பெஞ்சு, திரை எதையும் அங்கே வைக்கக் கூடாது என்பது ஓட்டோமான் ஆட்சியின் கடைசி ஆண்டுகளிலேயே நிர்வாகத்தின் முடிவாக இருந்தது. இன்று ஒரு பொருளை வைத்தால் நாளை உரிமை கோருவார்கள் என்ற அச்சமே அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த அச்சமும் அதற்கு எதிரான வேட்கையும் 1928இல் ஒரு திரையின் வடிவில் மோதிக்கொண்டன. யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளான யோம் கிப்பூருக்கு முந்தைய மாலையில், ஆண்களையும் பெண்களையும் பிரிக்க மரச்சட்டத்தில் துணி கட்டிய திரை ஒன்றைச் சுவரின் முன் நிறுத்தினார்கள். முஸ்லிம் தரப்பு எதிர்த்தது. அகற்றும்படி பிரிட்டிஷ் நிர்வாகம் உத்தரவிட்டது. மறுநாள், செப்டம்பர் 24 காலையில், பிரார்த்தனையின் நடுவே காவலர்கள் அதைப் பலவந்தமாகப் பிடுங்கினார்கள். பெண்கள் கையிலிருந்த குடைகளால் காவலரை அடித்ததாக அக்காலத்து விவரணைகள் கூறுகின்றன. தங்களைப் பிரிக்கும் திரையைக் காக்கப் பெண்கள் அடிதடியில் இறங்கிய நிகழ்வு இது. அதை எளிதாகக் கடந்துவிட முடியாது. அந்தக் கணத்தில் திரை அவர்களுக்கு ஆண்களின் ஆதிக்கமாகத் தெரியவில்லை, சமூகத்தின் மானமாகத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சுவரைச் சுற்றி எழுந்த பதற்றம் நாடு முழுவதும் வன்முறையாக வெடித்து, 133 யூதர்களும் குறைந்தது 116 அரேபியர்களும் உயிரிழந்தார்கள். அதன்பின் நாடுகளின் சங்கத்தின் ஒப்புதலோடு அமைக்கப்பட்ட ஆணையம், 1930 டிசம்பரில் அளித்த அறிக்கையில், சுவரின் உரிமை முஸ்லிம்களுக்கே என்றும், யூதர்கள் வழிபடத் தடையின்றி வரலாம் என்றும், ஆனால் பெஞ்சு, நாற்காலி, திரை முதலியவற்றைக் கொண்டுவரக் கூடாது என்றும் முடிவு சொன்னது. 1948 முதல் 1967 வரை பழைய நகரம் ஜோர்தானின் கையில் இருந்தது. போர்நிறுத்த ஒப்பந்தத்தில் வழிபாட்டுரிமை பற்றிய ஏற்பாடு இருந்தும், இஸ்ரேலிய யூதர்கள் அந்த ஆண்டுகளில் சுவரை அணுகவே முடியவில்லை. 1967 ஜூன் 7 அன்று இஸ்ரேலிய இராணுவம் பழைய நகரத்தைக் கைப்பற்றியது. அந்தக் கோடையில்தான் மத விவகார அமைச்சகத்தின் பொறுப்பில் சுவரின் முன்னால் நிரந்தரத் தடுப்பு எழுந்தது.

ஆக, தடுப்பின் வயது சுவரின் வயது அல்ல. ஒரு ஆர்த்தடாக்ஸ் ஜெபக்கூடத்துக்குரிய ஒழுங்கை, திறந்தவெளியான ஒரு நினைவிடத்தின்மீது அரசு நிறுவியது 1967இல். அதன்பின் பிறந்த ஒரு தலைமுறைக்கு அது எப்போதும் இருந்த ஒன்றாகிவிட்டது.

1988 டிசம்பர் 1 அன்று, ஜெருசலேமில் நடந்த யூதப் பெண்ணியவாதிகளின் சர்வதேச மாநாட்டுக்கு வந்தவர்களில் சுமார் எழுபது பெண்கள் ஒரு தோராச் சுருளுடன் சுவரின் பெண்கள் பகுதிக்குச் சென்று கூட்டாக ஓதினார்கள். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், சீர்திருத்தப் பிரிவு என எல்லா வகையினரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ‘சுவரின் பெண்கள்’ என்ற இயக்கம் அங்கே தொடங்கியது. அவர்கள் கேட்டது என்ன என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். தடுப்பை அகற்றச் சொல்லவில்லை, ஆண்களோடு கலந்து நிற்கவும் கேட்கவில்லை. பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்லலாம் என்று ஆர்த்தடாக்ஸ் மரபு வகுத்த பகுதிகளையும், தங்களோடு நிற்கும் ஆர்த்தடாக்ஸ் பெண்களுக்காக, அவர்கள் விட்டுவிட்டார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கத்திலேயே, பெண்களாகக் கூடி, உரக்கப் பிரார்த்தித்து, பிரார்த்தனைச் சால்வை அணிந்து, சுருளை வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குக் கிடைத்தது வசவும் அடியும். 1989 மார்ச்சில், எஸ்தர் நோன்பு நாளன்று, ஆண்கள் பகுதியிலிருந்து இரும்பு நாற்காலிகள் பறந்து வந்தன. காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. வெறும் அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் அதே இடத்தில் நாற்காலி போட உரிமை இல்லையென்று ஒரு சமூகம் வேதனைப்பட்டது. பிறகு கிடைத்த நாற்காலிகள் தம் பெண்கள்மீதே எறியப்பட்டன. பெண்கள் உச்சநீதிமன்றத்தை நாடினார்கள். அந்த வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 1989 டிசம்பரில், புனிதத் தலங்கள் தொடர்பான விதிகளில் அரசு ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. இடத்தின் வழக்கத்துக்கு மாறானதும் அங்கே வழிபடுவோரின் உணர்வைப் புண்படுத்துவதுமான எந்த மதச் சடங்கும் குற்றம் என்றது அது.

விதியின் கட்டமைப்பைக் கவனியுங்கள். வழக்கம் எது என்று விதி சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பது நடைமுறையில் சுவரின் ரப்பி. அவர் அரசால் நியமிக்கப்படுபவர், ஆர்த்தடாக்ஸ், ஆண். புண்படும் உணர்வு யாருடையது என்றும் விதி சொல்லவில்லை. நாற்காலி எறிபவரின் உணர்வு வழிபடுவோரின் உணர்வாகக் கணக்கில் வந்தது. எறியப்பட்ட நாற்காலிக்கு முன்னால் சுருளை அணைத்துக்கொண்டு நின்றவர்களும் வழிபட வந்தவர்கள்தாம் என்பது கணக்கில் வரவில்லை. வன்முறை செய்பவரின் கோபமே வன்முறைக்கு ஆளானவர்மீது வழக்குப் போடச் சான்றாகும் இந்தத் தர்க்கம் உலகெங்கும் பெண்களுக்குப் பழக்கமானது.

வழக்கு பதினான்கு ஆண்டுகள் ஓடியது. 2000 மே மாதம் மூன்று நீதிபதிகள் பெண்களின் உரிமையை ஏற்று, அதை நடைமுறைப்படுத்த ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அரசு மறுவிசாரணை கேட்டது. 2003 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சற்றுத் தெற்கே, வழிபாட்டுச் சதுக்கத்திலிருந்து பார்வைக்கு மறைவாக உள்ள ராபின்சன் வளைவுப் பகுதியை அவர்களுக்காகச் சீரமைத்துக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. உரிமை உண்டு, ஆனால் வேறோர் இடத்தில் என்பது தீர்ப்பின் சாரம். 2009இல் பிரார்த்தனைச் சால்வை அணிந்ததற்காக ஒரு பெண் கைதானார். 2010 ஜூலையில் இயக்கத்தின் தலைவர் அனத் ஹோஃப்மன் தோராச் சுருளை ஏந்தி நடந்ததற்காகப் பிடிக்கப்பட்டார். 2012இல், யூதர்களின் அடிப்படை நம்பிக்கைச் சொல்லான ஷெமாவை உரக்கச் சொன்னதற்காக அவர் மீண்டும் கைதுசெய்யப்பட்டார்.

2013 ஏப்ரலில் ஐந்து பெண்கள் கைதானபோது திருப்பம் வந்தது. ஜெருசலேம் மாவட்ட நீதிமன்ற நீதிபதி மோஷே சோபெல், இந்தப் பெண்களின் பிரார்த்தனை இடத்தின் வழக்கத்தை மீறவில்லை என்றார். வழக்கம் என்பதை ஆர்த்தடாக்ஸ் வழக்கம் என்று மட்டும் படிக்க வேண்டியதில்லை. நாட்டின் பொது இடம் என்ற வகையிலும் பன்மைத்தன்மையோடும் படிக்க வேண்டும் என்பது அவரது வாதம். இருபத்தைந்து ஆண்டுகளாக மாதந்தோறும் அங்கே பிரார்த்தித்து, அடி வாங்கி, திரும்பத் திரும்ப வந்ததன் வழியாகவே அந்தப் பெண்கள் தாங்களும் அந்த இடத்தின் வழக்கத்தில் ஒரு பகுதியாகிவிட்டார்கள் என்று நான் இந்தத் தீர்ப்பை வாசிக்கிறேன்.

மதநூல்கள் என்ன சொல்கின்றன என்ற கேள்வியை எதிராளிகளிடமே விட்டுவிடுவது பெண்ணிய விமர்சனத்தின் பழைய பலவீனம். விட வேண்டிய தேவை இங்கே இல்லை. இன்று எல்லா யூதர்களும் மௌனமாக நின்று சொல்லும் பிரதானப் பிரார்த்தனைக்குத் தால்முத் காட்டும் முன்மாதிரி ஒரு பெண். பிள்ளையில்லாத அன்னாள் சீலோ ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய, குரல் வெளிவராமல் வேண்டினார். ஆசாரியன் ஏலி அவர் குடித்திருப்பதாக நினைத்துக் கடிந்தார். இதயத்தோடு பிரார்த்திக்க வேண்டும், உதடு அசைய வேண்டும், குரல் எழக் கூடாது என்ற விதிகளையெல்லாம் ரப்பிகள் அன்னாளின் நடத்தையிலிருந்தே பெற்றார்கள். ஆலயத்தின் அதிகாரி பெண்ணின் பிரார்த்தனையைத் தவறாகப் புரிந்துகொண்டதும், பிறகு அதுவே அனைவருக்கும் விதியானதும் ஒரே கதைக்குள் இருக்கின்றன. ஆனால் அந்த விதி ஆண்களுக்கு ஒரு பிரார்த்தனையின் இலக்கணமானது, பெண்களுக்கோ முழு வாழ்வுக்குமான கட்டளையானது.

பெண்ணின் குரலே மறைக்க வேண்டிய உறுப்பு போன்றது என்று ஒரு ரப்பி சொன்னதும் அதே தால்முத்தில் உண்டு. சுவரில் பெண்கள் பாடக் கூடாது என்பவர்கள் இதைத்தான் முன்வைக்கிறார்கள். அதே தால்முத்தில், சபையில் தோரா வாசிக்க அழைக்கப்படும் எழுவரில் பெண்ணும் இருக்கலாம் என்று முதலில் சொல்லிவிட்டு, சபையின் கௌரவம் கருதி வேண்டாம் என்று பிறகு விலக்கியதும் பதிவாகியிருக்கிறது. அதாவது, பெண்ணால் முடியாது என்பது அல்ல அங்கே காரணம். அவளால் முடிந்தால் ஆண்களுக்கு என்ன மரியாதை என்பதுதான். மிகாள் என்ற பெண் ஆண்களுக்குரிய தெஃபிலின் பேழைகளைக் கட்டிக்கொண்டதாகவும் ரப்பிகள் தடுக்கவில்லை என்றும் ஒரு குறிப்பு உண்டு. ஆலயம் நின்ற காலத்திலேயே, கூடாரப் பண்டிகையின் கொண்டாட்ட இரவுகளில் ஆண்களும் பெண்களும் நிற்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியாகப் பெண்களுக்கு மேல்மாடம் கட்டினார்கள் என்று தால்முத் விவரிக்கிறது. பிரிவினைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் இந்தப் பகுதியே, அது ஒரு காலத்தில் மனிதர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு என்பதற்கும் ஆதாரம்.

யூத உலகம் முழுவதும் ஒரே வழக்கம் இருந்ததும் இல்லை. நமக்கு அருகிலேயே, கொச்சி யூதர்களின் மரபைப் பார்க்கலாம். அங்கே பெண்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் மலையாளப் பாடல்களை ஆண்கள் முன்னிலையில் உரக்கப் பாடினார்கள். கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளுக்கு என அவற்றைக் காத்ததும் பெண்களே. ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜான்சன் முதலான ஆய்வாளர்கள் அந்த நோட்டுகளிலிருந்து பாடல்களைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். கேரளத்து ஜெபக்கூடங்களில் வேறெங்கும் காணாத ஓர் அமைப்பும் உண்டு. கீழே நடுவில் உள்ள வாசிப்பு மேடையைத் தவிர, மேல்மாடத்தில், பெண்கள் அமரும் இடத்தை ஒட்டியே இரண்டாவது மேடை. விசேட நாள்களில் தோரா அங்கிருந்து வாசிக்கப்பட்டது. பெண்களும் ஆண்களும் நடுவே ஓர் அழியால் பிரிக்கப்பட்டுத்தான் இருந்தார்கள். வாசித்ததும் ஆண்தான். இருந்தாலும் புனித நூலின் குரல் பெண்களின் காதருகே ஒலித்தது. நாற்காலிமீது ஏற வேண்டியிருக்கவில்லை. இந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலில் குடியேறினார்கள். அவர்களுடைய வழக்கமும் யூத வழக்கமே. சுவரின் முன்னால் அதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

இங்கே ஒரு தடையைச் சந்திக்க வேண்டும். 2013 மே மாதம், சோபெல் தீர்ப்புக்குப் பிறகு ‘சுவரின் பெண்கள்’ மாதப் பிறப்புப் பிரார்த்தனைக்கு வந்தபோது, அவர்களுக்கு முன்பே ஆயிரக்கணக்கான ஆர்த்தடாக்ஸ் பள்ளி மாணவிகள் பெண்கள் பகுதியை நிரப்பியிருந்தார்கள். ரப்பிகள் அழைத்ததால் வந்தவர்கள். அவர்களோடு, எங்களுக்கு இந்த மாற்றம் வேண்டாம், எங்கள் மௌனமே எங்கள் பிரார்த்தனை என்று சொல்லும் பெண்களும் அமைப்பாகத் திரண்டார்கள். இவர்களை ஆண்களின் கைப்பாவைகள் என்று தள்ளிவிடுவது எளிது. கெய்ரோவின் பள்ளிவாசல்களில் கூடும் பக்தியுள்ள பெண்களை ஆராய்ந்த சபா மஹ்மூத், எதிர்ப்பை மட்டுமே பெண்ணின் சுயசெயலாகக் காணும் பெண்ணியத்தை நோக்கி எழுப்பிய கேள்விகளை நாம் மறந்துவிட முடியாது. தலைமுறைகளாகச் சுவரின் முன் மௌனமாக அழுது வேண்டிய பெண்ணின் பக்தி உண்மையானது. 1928இல் குடையால் அடித்த பெண்ணின் சினமும் உண்மையானது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மௌனமாக வேண்டும் பெண்ணை உரக்கப் பாடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உரக்கப் பாடும் பெண்ணைத்தான் காவலர் இழுத்துச் சென்றார். ஒருவரின் பக்தி இன்னொருவரின் கைதுக்குக் காரணமாக்கப்படும்போது, அதைச் செய்வது பக்தியல்ல, அரசு. நுழைவாயிலில் தோராச் சுருள் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பெண்களின் உடல் சோதனையிடப்பட்டது. 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தலையிட்டுத்தான் அதைத் தடுத்தது. யூதப் பெண் தன் மதத்தின் நூலைக் கடத்திவருபவளாகச் சோதிக்கப்படும் அந்த வாசலை எந்தப் பக்தியும் நியாயப்படுத்தாது.

2016 ஜனவரி 31 அன்று அமைச்சரவை ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் தந்தது. தெற்கே ராபின்சன் வளைவுப் பகுதியை விரிவாக்கி, ஆணும் பெண்ணும் சேர்ந்து வழிபடும் இடமாக்கி, பொது நுழைவாயில் அமைப்பது, பதிலுக்குப் ‘சுவரின் பெண்கள்’ அங்கே இடம்பெயர்வது என்பது திட்டம். இயக்கத்தின் பெரும்பகுதி ஏற்றது. நிறுவன உறுப்பினர் சிலர் மறுத்துப் பிரிந்தார்கள். நாங்கள் போய்விட்டால் பெண்கள் பகுதி சட்டப்படியே ஆர்த்தடாக்ஸ் ரப்பிகளுக்குச் சொந்தமாகிவிடும், அங்கே வரும் சாதாரணப் பெண்ணுக்குக் குரல் இல்லாமலே போய்விடும் என்பது அவர்களின் வாதம். 2017 ஜூனில் கூட்டணியின் மதக்கட்சிகளுக்குப் பணிந்து அரசே சமரசத்தை நிறுத்திவைத்தபோது, விட்டுக்கொடுத்தவர்களுக்கு விலையும் கிடைக்கவில்லை. மறுத்தவர்களின் எச்சரிக்கை சரியானது என்றே நினைக்கிறேன். தனி இடம் என்பது பெண்களுக்கு எப்போதும் வழங்கப்படும் பரிசு. மைய இடத்தைக் கேட்பதுதான் சண்டை.

ஆனால் அந்த மைய இடம் எப்படி உண்டானது? பல பெண்ணிய எழுத்துகள் நிற்கும் இடம் இது. இன்று அகன்ற சதுக்கம் இருக்கும் நிலத்தில் 1967 ஜூன் வரை முக்ராபி குடியிருப்பு இருந்தது. சலாஹுத்தீனின் மகன் அல்-அஃப்தல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்களுக்காக அறக்கட்டளையாக எழுதிவைத்த நிலம். ஜூன் 10 இரவில் தொடங்கி, 135 வீடுகள் புல்டோசர்களால் இடிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் மிகக் குறைந்த அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். இடிபாடுகளிலிருந்து ஒரு முதிய பெண்ணின் உடல் எடுக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து வந்த பெந்தெகொஸ்தே பண்டிகையன்று, சமன்செய்யப்பட்ட அந்த நிலத்தின்மேல் நடந்து சுமார் இரண்டு லட்சம் யூதர்கள் சுவருக்கு வந்தார்கள். தடுப்பை நட முதலில் ஒரு சதுக்கம் வேண்டும். அந்தச் சதுக்கத்துக்காகச் சமையலறைகளும் முற்றங்களும் கிணறுகளும் போயின. அவை பெண்களின் வெளிகள்.

சுவருக்கு மேலே, அதே கற்கள் தாங்கி நிற்கும் மேடையில், அல்-அக்ஸா வளாகம் இருக்கிறது. அங்கே வட்டமாக அமர்ந்து குர்ஆன் பயின்று, யூத வருகையாளர் வரும்போது உரத்த குரலில் இறைவனின் பெருமையை முழங்கிய பாலஸ்தீனப் பெண்கள் குழுவான முராபிதாத்தை 2015 செப்டம்பரில் இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் சட்டவிரோதம் என்று அறிவித்தார். வருகையாளர்களைத் துன்புறுத்துகிறார்கள், பதற்றத்தைத் தூண்டுகிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். இருவரின் நிலையும் ஒன்றல்ல. யூதப் பெண்ணுக்கு உச்சநீதிமன்றம் பதினான்கு ஆண்டு காதுகொடுத்தது. மேற்குக் கரையைச் சேர்ந்த பாலஸ்தீனப் பெண் ஜெருசலேமுக்குள் நுழையவே இராணுவத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் சுவரின் கீழும் மேலும், பெண்கள் கூடி உரக்கப் பிரார்த்திப்பதை ஒழுங்குக்கு ஆபத்து என்று தீர்மானிப்பது ஒரே அரசுதான். கீழே அதன் பெயர் வழக்கம், மேலே பாதுகாப்பு.

‘சுவரின் பெண்கள்’ கோரிக்கையை இந்த வரலாறு செல்லாததாக்கிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. தன் மதத்தின் நூலைக் கையில் ஏந்தி வாசிக்க ஒரு பெண்ணுக்கு உள்ள உரிமையை வேறெந்த அநீதியும் ரத்து செய்யாது. ஆனால் அந்த உரிமைக்கு ஆதாரமாக, சுவர் தேசத்தின் பொதுச்சொத்து, ஆகவே யூதர் அனைவருக்கும் அதில் பங்குண்டு என்று மட்டும் வாதிட்டால், சதுக்கத்தை உண்டாக்கிய இரவையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறோம். 1967ஐ ரப்பிகள் தடுப்பின் தொடக்கமாக மறைக்கிறார்கள். தேசியம் பேசும் பெண்ணியம் அதே ஆண்டை இடிப்பின் தொடக்கமாக மறைக்கிறது. இரண்டு மறைப்புகளும் ஒரே வழியில்தான் நடக்கின்றன: கல் பழையது, ஆகவே அதன் முன்னால் உள்ளதெல்லாம் பழையது.

எனவே மேற்குச் சுவருக்குச் செல்லும் பெண், சீட்டில் எழுத வேண்டுதல் இருந்தால் எழுதிச் செருகட்டும். கூடவே, வழக்கம் என்று சொல்லி யாரேனும் தன்னை ஓரமாக நிற்கச் சொன்னால், எந்த ஆண்டிலிருந்து என்று கேட்கட்டும். யார் சொல்லி என்று கேட்கட்டும். அதற்கு முன்னால் இந்த இடத்தில் யார் நின்றார்கள், யார் குடியிருந்தார்கள் என்றும் கேட்கட்டும். முதல் இரண்டு கேள்விகள் அவளுக்கான இடத்தை மீட்டுத்தரக்கூடும். மூன்றாவது கேள்வி, மீட்ட இடத்தில் தான் மட்டும் நிற்கவில்லை என்பதை அவளுக்குச் சொல்லும்.